ஓவியப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரப் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பெற்றோர்களே, தலைமையாசிரியர்களே, ஊர்ப் பெரியவர்களே,

உங்கள் பள்ளிக் கால அட்டவணையில் ‘ஓவியம்’ என்று ஒரு கட்டம் இருந்தால், அது எத்தனை வாரம் ஓவிய வகுப்பாகவே நடந்தது என்று உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கணக்குப் பாடம் முடியவில்லை, அறிவியல் தேர்வு வருகிறது, ஆண்டுவிழா ஒத்திகை இருக்கிறது என்று ஆளாளுக்குக் கேட்டு வாங்கிக்கொள்ளும் பீரியடு அது. அந்த நேரத்தில் ஓவிய ஆசிரியர் விழா பேனர் எழுதிக்கொண்டிருப்பார், அல்லது கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் விவரம் பதிந்துகொண்டிருப்பார். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோருக்குக் கொடுத்திருக்கிறது. பள்ளியில் எது முக்கியம், எது முக்கியமில்லை என்று சொல்லும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அதனால் உங்களிடம் கேட்கிறேன். அந்தப் பீரியடைத் திருப்பிக் கொடுங்கள். அதோடு நிற்காமல், ஓவிய ஆசிரியரைத் தானும் வரைகிற, ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிற கலைஞராக இருக்கவிடுங்கள். அப்படி ஒருவர் முன்னால் நின்றால்தான் நம் பிள்ளைகள் தங்கள் கண்ணால் பார்த்து வரையப் பழகுவார்கள் என்பது என் வாதம்.

இதற்கு முதல் சான்று பிள்ளைகளின் ஓவிய நோட்டிலேயே இருக்கிறது. ‘இயற்கைக் காட்சி வரைக’ என்றால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதி எழுந்த சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் தென்னையும் குடிசையும். இப்போது பந்தல்குடிப் பக்கமோ நரிக்குடிப் பக்கமோ பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் தரை தட்டையாகக் கிடக்கிறது. குண்டாற்றில் மழைக்காலம் போனால் மணல்தான். தென்னையைவிடப் பனை அதிகம், பனையைவிட வேலிக்கருவை அதிகம். களத்தில் மிளகாய் வத்தல் காயும்போது அந்தச் சிவப்புக்கு முன்னால் வேறு நிறம் எடுபடாது. கண்மாய் வற்றும்போது அடித்தரை வெடித்து விடும் கோடுகள் எந்த ஓவியனும் ஆசைப்படும் கோடுகள். இவற்றுக்கு நடுவே வளரும் பிள்ளை, தான் ஒரு நாளும் பார்க்காத மலையையும் ஆற்றையும் வரைகிறது. கற்பனையில் வந்த மலையாக இருந்தால் சந்தோஷப்படலாம். அது கடையில் விற்கும் படப் புத்தகத்திலிருந்து கரும்பலகைக்கும், கரும்பலகையிலிருந்து நோட்டுக்கும் இறங்கிய மலை. வியன்னாவில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கலை கற்பித்து, பிறகு அமெரிக்கா போய்ச் சேர்ந்த விக்டர் லோவன்ஃபெல்டு, 1947இல் வெளிவந்த தன் நூலில் இந்த ஆபத்தைத்தான் எச்சரித்தார். அச்சடித்த படத்துக்கு வண்ணம் தீட்டியும், பார்த்துப் பார்த்து நகலெடுத்தும் பழகிய பிள்ளை, தன் அனுபவத்தை வரையச் சொன்னால் ‘எனக்கு வராது’ என்று கையைக் கட்டிக்கொள்ளும் என்பது அவர் கண்டது. பிறவித் திறமை இல்லை என்று நாம் முடிவு கட்டும் இடத்தில், பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்.

நம் வட்டாரத்தில் ஓவியத்துக்கு வேண்டிய பொருளுக்கோ பாடத்துக்கோ பஞ்சமே இல்லை. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கம் கரிமூட்டம் போடாத ஊரைத் தேடத்தான் வேண்டும். வேலிக்கருவைக் கட்டைகளைக் குவித்து அடுக்கி, செத்தையும் ஈரமண்ணும் போட்டு மூடி, காற்றுக்குச் சில ஓட்டைகள் மட்டும் விட்டுத் தீ வைக்கிறார்கள். உள்ளே எரிந்துவிடாமல் நாள்கணக்கில் புகைந்து கட்டை கரியாகிறது. காற்று கூடினால் சாம்பல், குறைந்தால் அரைவேக்காடு என்று புகையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிற ஆட்கள் இந்த ஊர்களில் இருக்கிறார்கள். உலகமெங்கும் ஓவியக் கல்லூரிகளில் முதலாண்டு மாணவர் கையில் கொடுக்கும் கரித்துண்டும் காற்றை மறித்துச் சுடும் இதே முறையில்தான் உருவாகிறது. புளியங்குச்சியைச் சுட்ட கரியால் முதல் கோட்டை இழுப்பது இந்திய ஓவியர்களின் பழைய வழக்கம். வேலிக்கருவைக் கட்டைக்கரி கெட்டியானது, தாளைக் கீறும். அதனால் விரல் கனத்தில் ஒடித்த புளியங்குச்சிகளை மூடியுள்ள தகர டப்பாவில் நெருக்கி அடைத்து, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு நெருப்பில் வைத்து எடுத்தால் போதும், ஒரு வகுப்புக்கு வேண்டிய கரி கிடைத்துவிடும். அந்தக் கோடு தப்பாகப் போனால் துணியால் தட்டி அழித்துவிட்டு மேலேயே வரையலாம். ரப்பர் தேடி அழுகிற பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று யோசியுங்கள். இதோடு செம்மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவப்பு, வெள்ளை, கறுப்பு மூன்றும் ஊருக்குள்ளேயே கிடைக்கின்றன.

அருப்புக்கோட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு இன்னொரு பாடம் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. நீலப் பாவில் பச்சை ஊடை ஓடும்போது, சேலையை ஒரு பக்கம் சாய்த்தால் நீலமாகவும் மறுபக்கம் சாய்த்தால் பச்சையாகவும் தெரிகிறது. மயில்கழுத்து நிறம் பிறப்பது அங்கே. இரண்டு நிறங்களைக் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே கண்ணுக்குள் மூன்றாவது நிறத்தை வரவழைக்கும் இந்த வித்தையை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் ஓவியர் சிலர் புள்ளி புள்ளியாக வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். நம் பிள்ளைக்கு அது அம்மாவும் அப்பாவும் செய்யும் வேலை. ஆனால் பள்ளியில் ‘நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை’ என்ற சார்ட்டை மனப்பாடம் செய்கிறது. வீட்டிலிருக்கும் அறிவையும் பள்ளியிலிருக்கும் பாடத்தையும் இணைத்துக் காட்ட ஒரு ஆள் வேண்டும். தானே நிறத்தோடு மல்லுக்கட்டுகிற ஆளுக்குத்தான் அந்த இணைப்பு கண்ணில் படும்.

வரைவதை நிறுத்திவிட்ட ஓவிய ஆசிரியர், ஆற்றில் இறங்கியே பல வருடமான நீச்சல் வாத்தியாரைப் போன்றவர். இதற்கு நமக்கு அக்கம்பக்கத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. கோவில்பட்டி கொண்டையராஜூவின் பெயர் தெரியாதவர்களும் அவருடைய மீனாட்சி கல்யாணத்தை வீட்டுச் சுவரில் பார்த்திருப்பார்கள். 1898இல் பிறந்து, சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, திருச்சுழியில் பிறந்த ரமணரின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். 1940களில் கோவில்பட்டியில் நிலைத்தார். அவரைச் சுற்றி டி.எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் என்று ஒரு சீடர் கூட்டமே உருவானது. அவர்கள் தீட்டிய படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக நாடு முழுக்கப் போயின. அங்கே பாடத்திட்டமும் கால அட்டவணையும் இல்லை. காலையில் குரு தூரிகையை எடுத்தால் சீடர்களும் பக்கத்தில் உட்கார்ந்து எடுப்பார்கள். சுற்றி அலைந்த அனுபவமும், தினமும் செய்த வேலையும், கூட இருந்த மாணவர்களும் அங்கே தனித்தனிச் சங்கதிகளாக இருக்கவில்லை. 1976இல் அவர் மறையும்போது இந்தியச் சாமி படங்களின் முகமே மாறியிருந்தது. அதைச் செய்தவர் வாழ்ந்தது ஏதோ தலைநகரத்தில் இல்லை, நம் கரிசல் சீமையில்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். கொண்டையராஜூவின் சீடர்களும் குருவின் படத்தைப் பார்த்துத்தானே வரைந்தார்கள், நகலெடுப்பது தப்பு என்றால் அது எப்படிச் சரி? ஸ்தபதிகளும் அப்படித்தானே பழகுகிறார்கள்? உண்மைதான். ஆனால் குருவின் பக்கத்தில் உட்கார்ந்தவன் முடிந்த படத்தை மட்டும் பார்க்கவில்லை. முதல் கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே தயங்குகிறது, பிடிக்காத கையை எப்படி அழித்து மறுபடி போடுகிறார் என்று ஒரு படம் உருவாகும் முழுக் கதையையும் பார்த்தான். சார்ட்டைப் பார்த்து வரையும் பிள்ளைக்குக் கிடைப்பது கதையின் கடைசி வரி மட்டும். ஆசிரியர் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து வரைந்து, தவறவிட்டு, திருத்தினால் நகலெடுப்பதுகூடக் கல்வியாகிவிடும். ஆகவே என் வழக்கு நகலோடு இல்லை. வரைகிற மனிதர் இல்லாத வகுப்பறையோடுதான்.

பயணத்துக்கு வருகிறேன். உங்களில் பலரும் புருவத்தைத் தூக்கும் இடம் இதுதான். கொடைக்கானலுக்கோ தீம் பார்க்குக்கோ சுற்றுலா என்றால் பணம் கட்டுகிறோம், ஓவியம் பார்க்கப் பயணமா என்று கேட்பீர்கள். காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய தூரத்தில் ராமநாதபுரம் இருக்கிறது. அங்கே சேதுபதிகளின் ராமலிங்க விலாசம் அரண்மனைச் சுவர்களில், பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்து ஓவியங்கள் சுவர் சுவராக விரிகின்றன. ராமாயணமும் பாகவதமும் ஒரு பக்கம், தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் ஒரு பக்கம், வெள்ளைக்காரர்கள் வந்து சேதுபதியைச் சந்திக்கும் காட்சி ஒரு பக்கம். திருச்சுழிச் சீமை அந்த ராமநாதபுரம் சமஸ்தானத்தில் இருந்ததுதான். தன் சீமை ராஜா தன் காலத்து அரசியலையே சுவரில் எழுதிவைத்திருக்கிறார் என்பதை ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை பார்த்தால், ‘எதை வரையலாம்’ என்ற கேள்விக்குப் புதிய பதில் கிடைக்கும். நிழல் காட்டாமல் தட்டையான வண்ணமும் உறுதியான கோடும் கொண்டே ஒரு யானையை யானையாக நிறுத்த முடியும் என்பதையும் அந்தச் சுவர்தான் சொல்லித்தரும். கைப்பேசித் திரையில் அந்த அளவு தெரியாது. ஆள் உயரச் சுவரின் முன்னால் நின்று கழுத்தை நிமிர்த்தினால்தான் தெரியும். கீழடியில் 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகத்தில், பானை ஓட்டில் யாரோ கூர்முனையால் கீறிய குறிகளும் குவிரன் ஆதன் போன்ற பெயர்களும் இருக்கின்றன. கோடு போட்டுப் பார்க்கும் ஆசை இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி கிடையாது. இன்னும் பக்கத்தில் வேண்டுமென்றால் கோவிலாங்குளத்துச் சமணச் சிற்பங்கள், பாண்டியர் காலக் கல்வெட்டுகளுள்ள பள்ளிமடம் காளைநாதர் கோயில், திருச்சுழித் திருமேனிநாதர் கோயில் தூண்கள். இதற்கெல்லாம் டவுன் பஸ் போதும்.

ஆசிரியருடைய பயணம் இதைவிட நீளமாக இருக்கவேண்டும். கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கலைப்பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான், 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் தன் படங்களைக் காட்சிக்கு வைத்தார். அந்த நாடுகளைப் பார்த்துத் திரும்பியவர் ஐரோப்பியர்களைப் போல வரையப் போகவில்லை. சில வருடங்களில் ஜாதகக் கட்டங்களும் சொற்களும் குறியீடுகளும் அவருடைய படங்களில் வந்து உட்கார்ந்தன. வெளியூர் போய் வந்த கண்ணுக்குத்தான் சொந்த வீட்டுப் பரணில் கிடப்பது புதிதாகத் தெரிந்தது. அவரிடம் படித்தவர்களும் அவருமாகச் சேர்ந்து 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார்கள். நம் மல்லாங்கிணறு ஊர்க்காரரான எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனும் இந்தியா முழுக்கச் சுற்றியவர். 2018இல் அவருக்கு சாகித்திய அகாதெமி விருது வாங்கித் தந்த ‘சஞ்சாரம்’ நாவலோ கரிசல் நாதஸ்வரக் கலைஞர்களைப் பற்றியது. பயணம் போனால் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஊரை மறந்துவிடுவார்கள் என்ற பயத்துக்கு இந்த இரண்டு பேரும் பதில்.

அடுத்தது மார்க். இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து மாநிலத்தின் முதலிடத்தில் இருந்தது. மழை பொய்க்கும் மண்ணில், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் படிப்பைப் பிடித்துக்கொண்டு கரையேறிய கதை அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. அதை நான் முழு மரியாதையோடு பார்க்கிறேன். ஆனால் 2018இல் மத்திய அரசு நாட்டின் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அதில் சேர்ந்த இரண்டு மாவட்டங்கள் ராமநாதபுரமும் நம் விருதுநகரும். தேர்ச்சியில் முன்னால் நிற்பதும் வாழ்க்கையில் முன்னால் போவதும் ஒன்றாகிவிடவில்லை என்றுதான் இதற்குப் பொருள். அதோடு, இந்த மாவட்டம் சோறு தின்பதே பாதி படத்தால்தான். சிவகாசியில் அச்சாகும் காலண்டர், நோட்டு அட்டை, தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி எல்லாம் யாரோ வரைந்தவை. அருப்புக்கோட்டைச் சேலையின் கரையையும் கட்டத்தையும் யாரோ யோசித்து அமைக்கிறார்கள். இந்தத் தொழில்களுக்கு அச்சு மெஷின் ஓட்டவும் பெட்டி ஒட்டவும் மட்டும் நம் பிள்ளைகள் போக வேண்டுமா, வடிவமைக்கவும் போகலாமா என்பதை வாரத்துக்கு நாற்பது நிமிடம் ஓரளவுக்குத் தீர்மானிக்கும். வேலை கிடைக்காவிட்டாலும் வரைதல் வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பனையை அரைமணி நேரம் நின்று பார்த்த பிள்ளை, விலங்கியல் படத்தையும் நிலவரைபடத்தையும் வேறு கண்ணோடு பார்க்கும்.

பணம் எங்கே, ஆள் எங்கே என்று கேட்பவர்களிடம் எனக்கு வருத்தம்தான் அதிகம். 2012இல் தமிழ்நாட்டில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலிய பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். படிப்படியாக ஏறி 2024இல் 12,500 ஆனது. இந்தச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவரிடம் கான்வாஸ் வாங்கு, ராமநாதபுரம் போ என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் கலைக்குப் பகுதிநேர ஆசிரியர். பிழைப்புக்காகக் குடும்பங்கள் வெளியேறி, பிள்ளைகள் எண்ணிக்கை மெலிந்துபோன திருச்சுழி வட்டாரக் கிராமங்களுக்கு இந்த நூறு என்ற எண்ணே சுவராக நிற்கிறது. இதை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆனாலும் பக்கத்துப் பக்கத்து ஊர்க் குழுக்கள் சேர்ந்து, எங்கள் பள்ளிகளுக்குப் பொதுவாக ஓர் ஓவிய ஆசிரியர் வேண்டும் என்று தீர்மானம் போட்டு அனுப்பலாம். வசதி குறைந்த கிராமத்தில் நல்ல கலைக்கல்வி நடக்காது என்பதும் சரியில்லை. சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் 1944இல் சேவாகிராமம் போய், காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவிய ஆசிரியரானார். அவர் தாமே மண்பாண்டம் வனைந்தவர், புகைப்படம் எடுத்தவர். கலையே கல்வியின் அடித்தளம் என்று அவர் பிற்பாடு புத்தகம் எழுதியது அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் தந்த அனுபவத்தில் நின்றுதான்.

கலைத் திருவிழா இருக்கிறதே, அது போதாதா என்பீர்கள். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் அந்த விழா நல்ல காரியம், கலையரசன், கலையரசி என்று ஒரு கிராமத்துப் பிள்ளை மேடையேறுவது பெரிய காரியம். ஆனால் போட்டி வருகிறது என்றால் நன்றாக வரையும் ஒரு பிள்ளையைத் தனியே உட்காரவைத்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறோம். மற்ற முப்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். விழா அறுவடை என்றால், விதைப்பு நடக்க வேண்டிய இடம் அந்த வாராந்திரப் பீரியடு.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வரைந்த தாள்கள் ஆண்டு முடிவில் பழைய பேப்பர்காரருக்குப் போகின்றன. பள்ளிச் சுவரில் இருப்பவை பெயிண்டர் எழுதிய படங்கள். அவற்றில் ஒரு சுவரைப் பிள்ளைகளுக்கு விடுங்கள். ஆட்டுக்கு ஐந்து கால் போட்டிருந்தாலும் பெரியவர் யாரும் திருத்தாதீர்கள். அது ஓடுகிற ஆடாக இருக்கலாம். கீழே பெயரும் வகுப்பும் தேதியும் எழுதுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் ஒரு படமாவது ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளியை விட்டுப் போகும்வரை ஓர் உறையில் சேரட்டும். மார்க் ஷீட் சொல்லாத வளர்ச்சி அதில் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் ஓவியப் பீரியடைப் பேசுபொருளாக வையுங்கள். அந்த நேரத்தை வேறு பாடத்துக்கு எடுப்பதில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். ஓவிய ஆசிரியர் கண்காட்சி பார்க்கவோ முகாமுக்கோ போக ஆன் டூட்டி அனுமதி (ஓ.டி.) கேட்டால் குழுவின் பரிந்துரையையும் சேர்த்து அனுப்புங்கள். இந்த வருடச் சுற்றுலா ராமலிங்க விலாசத்துக்கு என்று முடிவு செய்யுங்கள், பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் ஒரு நோட்டும் ஒரு துண்டுக் கரியும் இருக்கட்டும். கூடவே நீங்களும் வாருங்கள். உங்களில் எத்தனை பேர் அந்தச் சுவர்களைப் பார்த்திருக்கிறீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் ஓவிய நோட்டில் அக்கறையுள்ள ஒருவர்